காட்டுமிராண்டித்தனமா, கொடூரமா, வன்கொடுமையா: எந்தச் சொல்லை எங்கே வைப்பது?

செய்தி எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், தமிழாசிரியர்கள் எனப் பலரும் அடிக்கடி வந்து முட்டி நிற்கிற இடம் இது. ஒரு கும்பல் ஒருவரைக் கட்டிவைத்து அடிக்கிறது. ஒரு படை ஊருக்குள் புகுந்து தீ வைக்கிறது. இதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். கைக்கு முதலில் வருவது 'காட்டுமிராண்டித்தனம்'. எழுதி முடித்ததும் ஒரு தயக்கம் வருகிறது. காட்டில் வாழ்கிறவர்களைத் திட்டுவதுபோல் இருக்கிறதே, இது சரிதானா? சரியில்லை என்றால் மாற்றாக எதைப் போடுவது?

மாற்றுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: கொடுமை, கொடூரம், குரூரம், மிருகத்தனம், அரக்கத்தனம், வெறிச்செயல், அநாகரிகம், வன்கொடுமை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி இடங்களில் 'காட்டுமிராண்டித்தனம்' தேவைப்படாது, 'கொடுமை'யின் குடும்பமே போதும். ஆனால் அந்தச் சொல்லை அகராதியை விட்டே துரத்த வேண்டும் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாமல் நடக்காத இடங்கள் சில உண்டு.

## எதை வைத்து அளப்பது?

முதல் கேள்வி, சொல் எதைச் சுட்டுகிறது என்பது. செயலையா, செய்த ஆளையா, அல்லது சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டத்தையா?

இரண்டாவது, செய்தவரின் பொறுப்பை அந்தச் சொல் கூட்டுகிறதா, குறைக்கிறதா? இதை யோசிப்பவர்கள் குறைவு. கடுமையாக ஒலிக்கிற சொல்லெல்லாம் கடுமையாகக் குற்றம் சாட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

மூன்றாவது, எடை. பேருந்தில் எச்சில் துப்புவதற்கும் ஊரைக் கொளுத்துவதற்கும் ஒரே சொல் ஆகாது. நான்காவது, இடம்: செய்தித் தலைப்பு, வழக்கு ஆவணம், மேடைப் பேச்சு, பழைய நூலின் மொழிபெயர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

சொல் பிறந்த கதையை ஐந்தாவது அளவுகோலாக நான் வைக்கவில்லை. பிறந்த கதை இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் முதல் இரண்டு கேள்விகளுக்கு அது நல்ல தடயம் கொடுக்கும். அதற்காகத்தான் கீழே அங்கங்கே பழைய கதைக்குள் போகிறேன்.

## காட்டுமிராண்டித்தனம்

ஆங்கிலத்தின் 'பார்பேரியன்' என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாக வைப்பது காட்டுமிராண்டி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் காடு கிடையாது. கிரேக்கர்களின் காதில் பிறமொழிப் பேச்சு 'பர் பர்' என்று விழுந்தது. அப்படிப் பேசுகிறவர்களுக்கு 'பார்பரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஹோமரின் இலியட்டில் காரியர் என்ற மக்களுக்கு 'பார்பரோபோனோஸ்', அதாவது புரியாத பேச்சுக்காரர்கள் என்ற அடைமொழி வருகிறது. அங்கே கொடூரம் என்ற பொருள் இல்லை. எகிப்தியரும் தங்கள் மொழி பேசாத எல்லோரையும் இப்படித்தான் அழைத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பாரசீகப் போர்களுக்குப் பிறகு அந்தச் சொல்லில் இளக்காரம் ஏறியது. கிபி 410-இல் விசிகோத்துகளும் 455-இல் வாண்டல்களும் ரோமைச் சூறையாடிய நினைவு பின்னாளில் அதோடு ஒட்டிக்கொண்டது. வட ஆப்பிரிக்காவில் இன்றும் பெர்பர் என்று பிறர் அழைக்கிற மக்கள் இந்தப் பெயரைத்தான் சுமக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அமாசிக்.

காட்டைத் தேடினால் அது வேறு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'சாவேஜ்', காடு என்று பொருள்படும் 'சில்வா' என்ற லத்தீன் சொல்வழி வந்தது. நம் காட்டுமிராண்டிக்கு உண்மையான பங்காளி அதுதான்.

மொழியை வைத்து அந்நியரை அளக்கிற பழக்கம் நம்மிடமும் இருந்தது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்குள் நிற்கும் காவலர்கள் 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்'. நம் மொழி தெரியாததால் நாக்குப் பேசாது, கையசைவில் பேசுகிறவர்கள், சட்டை போட்டவர்கள். மிலேச்சர் என்ற வடசொல்லும் தெளிவில்லாத பேச்சைக் குறித்த சொல்தான். அதே பாசறையில் 'வெருவரும் தோற்றத்து' யவனரும், அதாவது கிரேக்க, ரோம நாட்டவரும் நிற்கிறார்கள். உலகத்தையே பார்பரோஸ் என்று அழைத்தவர்களைத் தமிழ்ப் புலவர் பார்த்தாலே பயம் வருகிற ஆட்கள் என்கிறார்.

இதைவிடக் கூர்மையான ஓர் இடம் பதிற்றுப்பத்தில் இருக்கிறது. இரண்டாம் பத்தின் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 'நயனில் வன்சொல் யவனர்ப் பிணித்து' அவர்கள் தலையில் நெய்யை ஊற்றிக் கையைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்ததைப் புகழ்கிறது. கடுமையான பேச்சு என்ற பழி யவனருக்கு. கட்டி இழுத்துவந்த பெருமை நமக்கு. யார் காட்டுமிராண்டி என்று அந்த வரியைப் படிக்கிற ஒரு கிரேக்கரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இப்போது முதல் அளவுகோலுக்கு வருவோம். 'காட்டுமிராண்டித்தனம்' சுட்டுவது செயலை அல்ல, ஒரு வகை மனிதர்களை. 'அவர்கள் அப்படித்தான், நாம் அப்படியில்லை' என்று கோடு போடுகிற சொல் அது. அந்தக் கோடு சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறப்பே குற்றம். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. கைரேகை வைப்பதும் காவல் நிலையத்தில் ஆஜராவதும் சில சமூகங்களின் அன்றாட வேலையாகிப்போயின.

இந்தச் சொல்லின் மறைமுகச் செலவைப் பார்க்க வாச்சாத்தியை விடத் தெளிவான இடம் இல்லை. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆடு மாடுகள்கூடத் தப்பவில்லை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இந்தச் சம்பவத்தைக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று எழுதிப் பாருங்கள். காட்டோரம் வாழ்ந்தவர்கள் அடிபட்டவர்கள். அடித்தவர்கள் சம்பளமும் சீருடையும் கோப்பும் உள்ளவர்கள். சொல் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அதோடு, 'நாகரிகம் வராதவன் செய்தது' என்ற சாயல் வந்தவுடன், மேலதிகாரி, வாகனம், திட்டம் என்று அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடெல்லாம் மங்கிப்போகிறது. இரண்டாவது அளவுகோலிலும் தோல்விதான்.

சரி, எங்கேதான் இது நன்றாகப் பொருந்தும்?

சீர்திருத்த வாதத்தில் பொருந்தும். பெரியார் இந்தச் சொல்லைக் கொடூரம் என்ற பொருளில் குறைவாகவும், அறிவு வளராத பழைய நிலை என்ற பொருளில் அதிகமாகவும் கையாண்டார். அவர் சிலைகளின் பீடத்தில் உள்ள 'கடவுளை வணங்குகிறவன் காட்டுமிராண்டி' என்ற வரிக்கும், தமிழைக் காட்டுமிராண்டி மொழி என்று அவர் சொன்னதற்கும் அதுவே பொருள். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அதை விவரிக்கும்போது சொல்லை மாற்றிப் போட்டால் விஷயமே மாறிப்போகும்.

தன்னை நாகரிகத்தின் உச்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் மேல் திருப்பி வீசும்போதும் பொருந்தும். 1948-இன் மனித உரிமைப் பிரகடனம் தன் முகப்புரையில் மனிதகுலத்தின் மனசாட்சியைக் கொதிக்கவைத்த காட்டுமிராண்டித்தனமான செயல்களைப் பற்றிப் பேசுகிறது. மனதில் இருந்தது நாஜி ஜெர்மனி. பல்கலைக்கழகமும் ரயில் கால அட்டவணையும் உள்ள நாடு. அங்கே அந்தச் சொல்லின் கூர்மையே அந்த முரண்தான்.

## கொடுமை, கொடூரம், குரூரம்

'கொடு' என்றால் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். நேராக நிற்க வேண்டிய செங்கோல் வளைந்தால் கொடுங்கோல். கொடுமை என்ற சொல்லின் அடியில் இருப்பது நேர்மையிலிருந்து கோணிப்போவது. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம், மக்களை அலைக்கழித்து அநியாயம் செய்கிற வேந்தன் கொலைகாரரைவிடக் கொடியவன் என்று தொடங்குகிறது. அங்கே குற்றவாளி காட்டுக்காரரோ அந்நியரோ அல்ல, அரியணையில் இருப்பவர். இந்தச் சொல்லுக்கு அதிகாரத்தைக் குற்றம் சாட்டத் தெரியும். செயலைச் சுட்டுகிறது, பொறுப்பையும் விடுவதில்லை. அளவுகோல்களில் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

செலவு ஒன்று உண்டு: தேய்மானம். பஸ் தாமதமானாலும் 'என்ன கொடுமை இது' என்கிறோம். அதனால் பெரிய குற்றத்துக்குத் தனியாகக் 'கொடுமை' என்று எழுதினால் எடை குறைவாகத் தெரியும். 'வரதட்சணைக் கொடுமை', 'சிறைக் கொடுமை' என்று முன்னால் ஒரு சொல் நின்றால் எடை திரும்பிவிடுகிறது.

கொடூரம் எடை கூடியது. உடல்மேல் நடந்த வன்முறைக்குப் பொருந்தும். 'கொடூரக் கொலை' என்று வாரம் தவறாமல் தலைப்பில் வந்து அதுவும் மரத்துப்போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். எல்லாக் கொலையும் கொடூரம்தான்; அடைமொழியால் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

குரூரம் கொஞ்சம் தனி. வடமொழியின் 'க்ரூர', பச்சை மாமிசம், இரத்தம் என்ற அடியிலிருந்து வருகிறது. ஆங்கிலத்தின் 'குரூவல்' என்ற சொல்லும் லத்தீன் வழியாக அதே வேரில் போய் முடிகிறது. இன்றைய தமிழில் குரூரம் என்றால் மனசுக்குள் இருக்கும் ரசனையும் சேர்ந்தது. அடுத்தவர் துடிப்பதைப் பார்த்துச் சுகம் காண்கிற குணம். 'குரூரப் புன்னகை' என்பது சரியாக இருக்கும், 'கொடூரப் புன்னகை' ஒட்டாது. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

## மிருகத்தனம், அரக்கத்தனம், வெறி

மூன்றுக்கும் ஒரே குறை: செய்தவர் மனிதர் என்பதை மறைக்கின்றன. மிருகம் பசிக்குக் கொல்கிறது, வாட்ஸ்அப்பில் கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதில்லை. மனிதரிடமிருந்து மிருகங்களைக் காப்பாற்ற 1960-இல் சட்டம் போட வேண்டியிருந்தது நம் நாட்டில். அதற்குப் பிறகும் மிருகத்தனம் என்று எழுதக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். அரக்கத்தனம் மேடைப் பேச்சில் நன்றாக ஒலிக்கும், அவ்வளவுதான்.

வெறி மட்டும் கவனிக்க வேண்டியது. சங்கப் பாடல்களில் வெறியாட்டு என்பது வேலன் என்ற பூசாரி முருகன் தன்மேல் ஏறி ஆடும் சடங்கு. ஆடுகிறவர் தன்வசத்தில் இல்லை. இன்றைக்கு 'கும்பல் வெறியாட்டம்' என்று எழுதும்போது அந்தத் தன்வசமின்மை அப்படியே கூட வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. திட்டமிட்டுச் செய்ததை வெறி என்று எழுதவே கூடாது. 'சாதிவெறி', 'மதவெறி' என்று காரணத்தைச் சொல்லும் கூட்டுச்சொற்கள் விதிவிலக்கு. அவை தணித்துச் சொல்லவில்லை, நோக்கத்தைக் காட்டுகின்றன.

## அநாகரிகம்

நகரத்தோடு சேர்ந்த சொல் நாகரிகம். ஆனால் திருக்குறளில் அது வருவது கண்ணோட்டம் அதிகாரத்தில்: பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் குடித்து அமைகிற பெருந்தன்மை. அந்தப் பொருளில் பார்த்தால் இரக்கமில்லாத எந்தச் செயலும் அநாகரிகம்தான். இன்றைய வழக்கு அப்படி இல்லை. சட்டமன்றத்தில் மைக்கைப் பிடுங்குவது அநாகரிகம். ஆளைக் கொல்வதை அநாகரிகம் என்றால் கேலிபோல ஆகிவிடும். பேச்சு, நடத்தை, மேடை நாகரிகம் சம்பந்தமான இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## வன்கொடுமையும் சட்டச் சொற்களும்

1989-இன் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தச் சொல்லுக்கு வரையறுத்த பொருள் கொடுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் யார், செய்தவர் யார், எந்தெந்தச் செயல்கள் என்று பட்டியலே இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவாகாத ஒரு சம்பவத்தைப் பொதுவாக 'வன்கொடுமை' என்று எழுதினால் வாசகர் அந்தச் சட்டத்தில் வழக்கு என்றே எடுத்துக்கொள்வார். 'பாலியல் வன்கொடுமை' என்ற கூட்டுச்சொல் வேறாக நிலைத்துவிட்டதால் அதில் குழப்பமில்லை.

உணர்ச்சிச் சொல்லை விட்டுவிட்டு வரையறுத்த சொல்லைத் தேடிய ஒரு மனிதரின் கதை இங்கே பொருந்தும். ரஃபேல் லெம்கின், போலந்துச் சட்ட அறிஞர். ஓர் இனத்தையோ மதக் குழுவையோ குறிவைத்து அழிப்பதை 'பார்பாரிட்டி' என்ற பெயரிலும், அவர்களின் கலைச் செல்வங்களை அழிப்பதை 'வாண்டலிசம்' என்ற பெயரிலும் சர்வதேசக் குற்றங்களாக்க வேண்டும் என்று 1933-இல் மாட்ரிட்டில் நடந்த சட்ட மாநாட்டுக்கு எழுதி அனுப்பினார். ஏற்கவில்லை. 1944-இல் வெளியான நூலில் 'ஜெனோசைட்' என்ற புதிய சொல்லை அவரே உருவாக்கிக் கொடுத்தார். நாம் இனப்படுகொலை என்கிறோம். அதற்கான ஐநா உடன்படிக்கை 1948 டிசம்பர் 9 அன்று நிறைவேறியது. மறுநாள்தான் மனித உரிமைப் பிரகடனம். தண்டிக்கிற ஆவணத்துக்குப் புதிய சொல், மனசாட்சியோடு பேசுகிற முகப்புரைக்குப் பழைய சொல். இரண்டுக்கும் இடம் வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

லெம்கினின் அந்த இரண்டாவது குற்றத்தை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 1981-இல் மே 31-இலிருந்து ஜூன் 1-க்குப் போகும் இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஈழத்தவர் அதைச் சொல்வது 'நூலக எரிப்பு' என்று. எந்த அடைமொழியும் சேர்க்காத சொல். கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்குகிறது.

## பழைய நூலை மொழிபெயர்க்கும்போது

இது தனிக் கணக்கு. கிரேக்க மூலத்தில் 'பார்பரோஸ்' வந்தால் முதலில் பொருளைப் பாருங்கள். மால்டா தீவில் கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்குத் தீ மூட்டி இடம் கொடுத்தவர்களை விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் கிரேக்க மூலம் பார்பரோஸ் என்றே குறிக்கிறது. பழைய ஆங்கில விவிலியம் அதை அப்படியே வைத்தது. நம் தமிழ் விவிலியம் 'அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல' என்கிறது. மழையில் நனைந்து வந்தவர்களை அணைத்துக்கொண்டவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? கிரேக்க வரலாற்று நூல்களுக்கு 'அந்நியர்', 'வேற்றுமொழியார்' என்பவையே பெரும்பாலும் சரி. ரோமின் வீழ்ச்சி பற்றிய நூலாக இருந்தால் கோத்துகள், வாண்டல்கள், ஹூணர்கள் என்று பெயரைச் சொல்லிவிடுவதே உத்தமம்.

## ஒரே பார்வையில்

| சொல் | எதைச் சுட்டுகிறது | மறைமுகச் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| காட்டுமிராண்டித்தனம் | ஒரு வகை மக்களை | சம்பந்தமில்லாதவர் மேல் பழி | மேற்கோள், சீர்திருத்த வாதம், முகப்புரை |
| கொடுமை | செயலையும் அநீதியையும் | தேய்மானம் | முன்னால் ஒரு சொல் சேர்த்து எங்கும் |
| கொடூரம் | உடல்மேல் நடந்த வன்முறையை | தலைப்புகளில் மரத்துப்போனது | விவரம் கூடவே வரும் செய்தி |
| குரூரம் | மனநிலையை | செய்தியில் ஊகமாகிவிடும் | கதை, விமர்சனம் |
| மிருகத்தனம், வெறி | கட்டுப்பாடு இழந்த நிலையை | பொறுப்பைக் குறைக்கிறது | அரிதாக. 'சாதிவெறி' போன்றவை சரி |
| அநாகரிகம் | நடத்தையை | பெரிய குற்றத்துக்குக் கேலி | அவை, மேடை, பேச்சு |
| வன்கொடுமை | சட்டம் வரையறுத்த குற்றத்தை | தவறான இடத்தில் தவறான தகவல் | வழக்குச் செய்தி, ஆவணம் |

## எட்டாவது வழி

அட்டவணையில் இல்லாத ஒரு வழி இருக்கிறது: எந்தச் சொல்லும் வேண்டாம். இப்படி ஒரு தலைப்பு மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

'மாடு திருடியதாக இளைஞரைத் தாக்கிய கிராம மக்களின் காட்டுமிராண்டித்தனம்.'

இதில் கிராம மக்கள் என்றால் யார்? ஊரே சேர்ந்தா? தாக்கினார்கள் என்றால் எதை வைத்து, எவ்வளவு நேரம்? நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். அப்புறம் தலைப்பு இப்படி மாறும்: 'மாடு திருடியதாகச் சந்தேகம்: இளைஞரை மின்கம்பத்தில் கட்டிவைத்து இரண்டு மணி நேரம் அடித்த ஏழு பேர் கைது.' ஊர் தப்பித்தது, ஏழு பேர் மாட்டினார்கள். வாசகர் 'காட்டுமிராண்டிகள்' என்று சொல்லிக்கொள்வதானால் அது அவர் வாயில் வரட்டும்.

ஒரு நடைமுறை விஷயம் பாக்கி. அமைச்சரோ நீதிபதியோ வெளிநாட்டுச் செய்தித் தொடர்பாளரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், நமக்குப் பிடிக்காது என்பதற்காகக் 'கொடூரம்' என்று மென்மையாக்கக் கூடாது. திட்டத்தான் சொன்னார், திட்டாகவே போக வேண்டும். ஒற்றை மேற்கோள் குறிக்குள், சொன்னவர் பெயரோடு. இடம் போதவில்லை என்று தலைப்பிலிருந்து பெயரை எடுக்க நேர்ந்தால், அந்தச் சொல்லையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.